இத்தாலிக்கு ரெண்டு டிக்கெட்டு

— நல்லாத் தூக்கிப் பிடி ரஃபியா, தராசு முள்ளு ஆடுது பாரு. திராட்சைக் கூடைய கண்ண மூடிக்கிட்டு எட சொல்லுவ, ஒரு பெட்டிக்கு இந்தப் பாடு படுறியே.

— கூடை சும்மா தொங்கும், இது ஒருபக்கமா சாயுது. மொதல்ல நீங்க கொக்கிய ஒழுங்கா மாட்டுங்க.

— மாட்டிட்டேன், விடு. இருவத்தொண்ணு முந்நூறு. ஏர்போட்டுல ஆளுக்கு இருவது கிலோதேன். கருப்பட்டிய எடுத்துக் கைப்பையில போடு. அதுக்கு ஏழு கிலோ தனியா விடுறாக.

— தம்பி, நான் ஒண்ணு கேக்கட்டா?

— கேளுங்கக்கா. கூடலூர்ல இருந்து வந்து அர மணி நேரமாச்சு, டீயக் கூடத் தொடாம வச்சுருக்கீக.

— பரவால்ல, ஆறட்டும். இந்தப் பெட்டி எனக்கு, சரி. பிரசவ மருந்து, பூண்டு, நல்லெண்ணெய் எல்லாம் ஒங்க பொண்டாட்டி எம் மருமகளுக்குக் குடுத்து விடுறா, அதுவும் சரி. மூலையில இன்னொரு புதுப் பெட்டி நிக்குதே, அது யாருக்கு?

— அதானக்கா விசேஷமே! ஒங்கள வரச் சொன்னதே அதுக்குத்தேன். அது ரஃபியாவுக்கு. ரெண்டு பேருமாப் போறீக. எம் மகள வச்சுக்கிட்டு ஒங்க மகன் ஒத்தையில அல்லாட வேணாம்.

— என்னங்க இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

— சொன்னா நீ என்ன சொல்லுவ? அம்புட்டுக் காசு எதுக்குன்னுவ. ஒஞ் சிக்கனம் கம்பம் பூராம் தெரிஞ்சதுதேன். அதேன் முடிச்சுட்டு வந்து சொல்றேன்.

— தம்பி, எம் மகன் ஆசாத்து ஒரு டிக்கெட்டுக்குத்தேன் காசு அனுப்பியிருக்கான். இத்தாலி என்ன குமுளியா, ஜீப்புல தொத்திக்கிட்டுப் போறதுக்கு?

— அதுக்கும் வழி இருக்கக்கா. குமுளியில ஏஜெண்டு ஞானசெல்வின்னு ஒரு பொண்ணு, எல்லாத்தையும் எழுதியே குடுத்துருச்சு. சென்னையில ஏறுனா ஆளுக்கு நாப்பத்திரெண்டாயிரம். கொச்சியில ஏறுனா தோகா வழியா மிலானுக்குப் போக வர முப்பத்தொண்ணு. கூடலூர்ல ஒங்க வாசல்லயே ஜீப்பு, குமுளியில பஸ்ஸு, நேரா கொச்சி. தோகாவுல ஒம்போது மணி நேரம் சும்மா உக்காந்துருக்கணும், அம்புட்டுத்தேன். அங்கன காப்பி இருநூறு ரூவாயாம். ரொட்டியும் எறச்சி ஊறுகாயும் கட்டிக்கிட்டுப் போனா அந்தக் காசும் மிச்சம்.

— அந்த முப்பத்தொண்ணுக்கு எங்கிட்டுப் போறது தம்பி? அதோட விசாவுக்கு, இன்சூரன்சுக்கு, சென்னைக்குப் போயி வர…

— பேசி முடிச்சாச்சு. வர்ற அறுப்ப தோட்டத்தோட கொச்சி யாவாரிக்கு விட்டுட்டேன். முன்பணம் கைக்கு வந்துருச்சு.

— அறுப்புக்கு முன்னாடியேவா? காய் இன்னும் பச்சையாக் கெடக்கு, கண்ணாடி கூட எறங்கல, அதுக்குள்ள வெல பேசிட்டீகளா? நின்னு வித்தா கிலோவுக்கு ரெண்டு ரூவா கூடக் கெடைச்சுருக்கும்!

— பாத்தீகளாக்கா? மகளப் பாக்கப் போற சந்தோசத்துலயும் ரெண்டு ரூவாதேன் இவ கண்ணுல தெரியுது. போனாப் போகுது ரஃபியா. ரெண்டு வருசமா அந்தப் பிள்ள மூஞ்சியப் பாக்காம நீ படுற பாடு எனக்குத் தெரியாதா? சோறு எறங்க மாட்டேங்குது ஒனக்கு.

— காசு இருந்தாப் போதுமா தம்பி? கூப்புட்டு லெட்டர் அனுப்பணும்ல. அது இல்லாம விசா குடுக்க மாட்டான். வந்துருக்குற லெட்டர்ல எம் பேரு மட்டுந்தேன் இருக்கு.

— அதுக்கும் வழி இருக்கு. ஆசாத்த இன்னொரு லெட்டர் அனுப்பச் சொன்னா ஆச்சு. பொண்டாட்டியப் பெத்தவளக் கூப்புட ஒரு கையெழுத்து, அதுல என்ன வந்துச்சு?

— ஒத்த ரூமு வீடு தம்பி. அங்கன திராட்சைத் தோட்டத்து மொதலாளி வேலைக்காரகளுக்குக் கட்டி விட்டது. ரூமுலயே அடுப்பு, அங்கனயே கட்டுலு. புருசன் பொண்டாட்டி, பிள்ள, நான். இதுல இன்னொரு ஆளு எங்கன படுக்கும்?

— அடுப்படி ஓரமா படுத்துக்கிருவேன் மதினி. எம் மக வீட்டுல எனக்கு மெத்தையா கேட்டேன்?

— அப்பிடிச் சொல்லு ரஃபியா! அக்கா, அங்கன இப்பப் பனி கொட்டுதாம். அடுப்படிதேன் கதகதன்னு இருக்கும். ரெண்டு பேரும் கதை பேசிக்கிட்டே படுத்துக்கங்க.

— தம்பி, நான் சொல்றது ஒங்களுக்கு வெளங்க மாட்டேங்குது.

— நீங்க வெளங்குற மாதிரிச் சொல்லலக்கா. காசு இல்லன்னீக, காசு வந்துச்சு. லெட்டர் இல்லன்னீக, அதுக்கும் வழி சொல்லியாச்சு. எடம் இல்லன்னீக, அவ அடுப்படியில படுக்குறேங்குறா. இன்னும் என்ன?

— மொற இல்ல.

— என்ன மொற?

— தலப்பிரசவம் பெத்தவ வீட்டுல. ரெண்டாம் பிரசவம் புருசன் வீட்டுல. இது ரெண்டாவது. இது எங்க வீட்டு மொற. நாந்தேன் போகணும், வேற யாரும் வரக் கூடாது.

— எது மதினி ரெண்டாவது?

— ஒனக்குத் தெரியாதா ரஃபியா?

— தெரியல, சொல்லுங்க. கண்ணத் தொறக்காத, ஒரு கத்து கத்தாத பிள்ள. பேரு வைக்கல, பால் குடிக்கல. அதப் போயி ஒண்ணுன்னு எண்ணிட்டீகளா? இதுதேன் எம் மகளுக்குத் தலப்பிரசவம். இதுதேன் பெத்தவளுக்கு உள்ளது.

— பத்து மாசம் சொமந்தா. பெறந்தது பெறந்ததுதேன். ஒன் கையிலதேன குடுத்தோம்? இத்தாலியில இருந்து ஏழாம் மாசமே ஏரோப்ளேன் ஏத்தி அனுப்பி வச்சோம். தலப்பிரசவம், ஊரு ஒரு மாதிரியாப் பேசும், இங்கன வந்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னவ நீ. திரும்பி வர்றப்ப வெறுங்கையா வந்தா எம் மருமக.

— அக்கா! நிறுத்துங்க.

— நெசத்தத்தேன தம்பி சொன்னேன்?

— நெசமா? துணியில சுத்துன பிள்ளைய இந்த ரெண்டு கையில ஏந்திக்கிட்டு கபர்ஸ்தானுக்குப் போனவன் நான். எது நெசம்னு எங்கிட்டக் கேளுங்க. இதுல ரஃபியா மேல என்ன குத்தம்? அந்த டாக்டரச் சொல்லுங்க. காலையில கொண்டு போன மகள சாயங்காலம் வரைக்கும் சும்மா போட்டு வச்சுட்டு, கடைசியில பிள்ள மூச்சில்லாமப் பெறந்துச்சுன்னு கையில குடுத்தாக. நான் லோடோட கொச்சியில நின்னேன். ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு வச்சுட்டுப் போன இருவத்தஞ்சாயிரத்தையும் பில்லு போட்டுப் பிடுங்கிக்கிட்டாக. இன்னைக்கும் அந்த ஆஸ்பத்திரி வாசலத் தாண்டுனா காறித் துப்பிட்டுத்தேன் வண்டிய எடுக்குறேன்.

— விடுங்க. அத ஏன் இப்ப எடுக்குறீக?

— நானா எடுத்தேன்? ஒன் மதினியில்ல எடுத்தாக. அக்கா, ஆசாத்து கல்யாணத்துல ஒங்க கூடப்பொறந்தவனா முன்ன நின்னவன் நான். ஒங்க வாயில இருந்து இப்பிடி ஒரு பேச்சு வரும்னு நெனைக்கவே இல்ல. சரி, மொறையப் பத்தி நாம ஏன் பேசிக்கிட்டு? பெத்துக்கப் போறவ ரெஹானா. அவகிட்டயே கேட்டுருவோம். அந்த செல்ல எடு ரஃபியா.

— வேணாங்க!

— வேணாம் தம்பி!

— என்ன, ரெண்டு பேரும் ஒண்ணாக் கத்துறீக? இம்புட்டு நேரம் மல்லுக்கு நின்னீக?

— அதுக்கில்லங்க. நிமிசத்துக்குப் பன்னெண்டு ரூவா ஓடும். வெள்ளிக்கிழமையன்னைக்கு அவளே கூப்புடுவாள்ல.

— அங்கன இந்நேரம் செக்கப்புக்குப் போயிருப்பா தம்பி. ஆஸ்பத்திரியில செல்லு எடுக்க விட மாட்டாக.

— போங்க, வாங்கு சொல்லி எம்புட்டு நேரமாச்சு. ஜமாத் நின்னுரும். தொழுதுட்டு வந்து பேசிக்கங்க.

— சரி, தொழுதுட்டு வர்றேன். வந்ததும் மொத வேல அதுதேன். பன்னெண்டு ரூவா என்ன, நூறு ரூவா ஓடட்டும். எம் மக வாயால "அம்மா வா"ன்னு சொல்லட்டும், அதுக்கப்புறம் யாரு மொறை பேசுறாகன்னு பாக்குறேன். அந்த டீயக் குடிங்கக்கா. சண்ட வேற, டீ வேற.

— போயிட்டாரா ரஃபியா?

— போயிட்டாக. தெரு முக்குத் திரும்பிட்டாக.

— இங்கன வந்து உக்காரு மோளே. அவரு முன்னாடி அப்பிடிப் பேசிட்டேன். என் நாக்குல புழு வைக்கணும். அந்தப் பிள்ளையப் போயி இழுத்தேன் பாரு… ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாமத்தேன் டீ எறங்காம உக்காந்துருந்தேன்.

— சொல்ல வேணாம் மதினி.

— இல்ல, கேளு. லெட்டரு, ரூமு, மொற எல்லாமே நான் சும்மா…

— ரெஹானா என்னய வர வேணாம்னு சொல்லிட்டா. அதான?

— ஒனக்கு யாரு சொன்னா?

— அவதேன். போன வெள்ளிக்கிழம. அத்தா தோட்டத்துல இருப்பாருன்னு நேரம் பாத்துப் போன் பண்ணுனா. "நீ வராத. வந்தா ஆசாத்த விட்டு ஏர்போட்டுலயே திருப்பி அனுப்பச் சொல்லிருவேன்." அம்புட்டுத்தேன். வச்சுட்டா.

— யா அல்லா. தெரிஞ்சுக்கிட்டா என்னோட இம்புட்டு மல்லுக்கு நின்ன?

— நீங்களும் தெரிஞ்சுக்கிட்டுத்தேன வந்தீக?

— நான் கெட்டவளாப் போனாப் போறேன்னு நெனச்சேன். மாமியாக்காரி விடலன்னா நீ என்னய நாலு வசவு வஞ்சுட்டு மனச ஆத்திக்குவ. பெத்த மகளே வேணாம்னுட்டான்னா எப்பிடி ஆத்துவ?

— நீங்க இப்பிடிப் பேசுற ஆளு இல்ல மதினி. மொறங்குற வார்த்த ஒங்க வாயில வந்ததுமே ஒங்களுக்கும் தெரிஞ்சுருச்சுன்னு கண்டுக்கிட்டேன். நீங்க பிடிச்ச பிடிய விட்டுறாம இருக்கணுமேன்னுதேன் நானும் மல்லுக்கு நின்னேன். ஒங்ககிட்ட என்ன சொன்னா அவ?

— எதுக்கு அதெல்லாம்? போதும், விடு.

— சொல்லுங்க.

— "மாமி, அம்மாவுக்கு டிக்கெட்டுக் காசு மிச்சம்னு சொல்லிருங்க. மிச்சம்னா அதுக்குச் சந்தோசமா இருக்கும்"னா. நான் ஏண்டி இப்பிடிப் பேசுறன்னு கேட்டேன். அழுகுறா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா.

— கேட்டுருக்கா. எல்லாத்தையும் கேட்டுருக்கா மதினி.

— எத?

— அன்னைக்குக் காலையில பத்து மணிக்கே டாக்டரம்மா வெளிய வந்து கையெழுத்துக் கேட்டாக. பிள்ளைக்கு மூச்சு முட்டுது, ஆபரேசன் பண்ணிரணும்னாக. எம்புட்டு ஆகும்னு கேட்டேன். பதினெட்டாயிரம்னாக. சுகமாப் பெறந்தா நாலாயிரம். கொஞ்சம் கொறைச்சுக்கங்கன்னேன். முடியாதுன்னாக. சாயங்காலம் வரைக்கும் பாப்பமேன்னேன். மத்தியானம் மறுபடியும் வந்து கேட்டாக. மறுபடியும் அதையேதேன் சொன்னேன். ஒரு தெரைக்கு அந்தப் பக்கம் அவ கெடந்துருக்கா. நான் பேரம் பேசுனதக் கேட்டுக்கிட்டே கெடந்துருக்கா.

— அப்ப தம்பி குடுத்துட்டுப் போன இருவத்தஞ்சாயிரம்?

— இடுப்புல இருந்துச்சு.

— ரஃபியா…

— கைய வச்சுப் பிடிச்சுக்கிட்டே பேசுனேன் மதினி. அந்த வருசம் மழையில திராட்சைக் கொல பூராம் அழுகிப் போச்சு. இந்தப் பதினாலாயிரம் மிஞ்சுனா அடுத்த கவாத்துக்கு ஆகும்னு நெனச்சேன். எனக்கு மூணும் வீட்டுலயேதேன் பெறந்துச்சு. டாக்டரக பணத்துக்காகப் பயங்காட்டுறாகன்னு நெனச்சேன். மகளுக்குக் கேடு நெனைப்பேனா? மிச்சந்தேன் பிடிக்க நெனச்சேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதேன்.

— அவருகிட்ட முழுசா செலவாயிருச்சுன்னு சொல்லிட்ட.

— நாலாயிரந்தேன் ஆச்சுன்னா, ஏன் ஆபரேசன் பண்ணலன்னு ஒரு கேள்வி வரும்ல. மிச்சம் இருவத்தொண்ணும் அரிசி டிரம்முக்கு அடியிலயே கெடந்துச்சு. ரெண்டு வருசமா தொட முடியல. தெனம் அரிசி அள்ளுறேன், கை அங்கன வரைக்கும் போக மாட்டேங்குது. இந்தாங்க, இன்னைக்குத்தேன் எடுத்து வச்சேன். கொண்டு போங்க. அங்கன ஆஸ்பத்திரியில என்ன கேட்டாலும் மறுபேச்சுப் பேசாம குடுத்துருங்க. கொறைச்சுக் கேக்காதீக.

— இத வச்சுக்க மோளே. அங்கன ஆஸ்பத்திரிக்குக் காசு கெடையாது.

— இல்லையா?

— ஆசாத்து வேலைக்குச் சீட்டு வச்சுருக்கான்ல, அதக் காட்டுனாப் போதுமாம். ஆபரேசனே பண்ணுனாலும் பத்து பைசா வாங்க மாட்டாகளாம்.

— அப்ப அன்னைக்கு நான் அவள வரச் சொல்லாம அங்கனயே விட்டுருந்தா…

— அதப் பேசாத. மூஞ்சியத் தொட. வந்துருவாரு.

— வந்துருவாக. வந்ததும் போனப் போடுவாக. அவ வேணாம்பா. ஏன் வேணாங்குறன்னு கேப்பாக. அத்தாகிட்ட அவ பொய் சொல்ல மாட்டா மதினி. இதுவரைக்கும் அவரு மனசு தாங்காதுன்னுதேன் வாயத் தொறக்கல. நேராக் கேட்டா சொல்லிருவா.

— நீயே சொல்லிரு ரஃபியா. அவரு நல்ல மனுசன்.

— நல்ல மனுசன். அதேன் பயமா இருக்கு. அந்த டாக்டரம்மா மேல துப்புன எச்சி பூராம் என் மேல துப்பியிருக்கணும்ல? மக போயிட்டா எனக்கு. இவுகளும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் எங்கன போவேன்?

— நான் என்ன செய்யணுங்குற?

— அவுகளுக்கு ரோசம் வரணும். அந்த ரோசத்துல போனத் தொடக் கூடாது. இத்தாலிங்குற பேச்சே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. அப்பிடி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.

— அதுக்கப்புறம் எம் மூஞ்சியில முழிப்பாரா? எனக்குன்னு அண்ணன் தம்பி யாரு இருக்கா? கூடலூர்ல ஒரு காச்சல்னா ஓடி வர்றது அவருதேன்.

— தெரியும். தெரிஞ்சுதேன் கேக்குறேன். ஒங்கள விட்டா நான் யாருகிட்ட கேப்பேன்?

— என்ன சொல்லச் சொல்ற?

— உள்ளதச் சொல்லுங்க.

— எத?

— பிள்ளையக் கொன்னவ நீதேன்னு சொல்லுங்க. உள்ளதுதேன. ஒங்க வாயில இருந்து வந்தா அவுக நம்ப மாட்டாக. பொல்லாத மாமியாக்காரி நாக்குல வெசம்னு நெனச்சுக்குவாக.

— ஐயோ, என்னால ஆகாது மோளே.

— செருப்பு கழத்துற சத்தம் கேக்குது. சொல்லுங்க மதினி. சத்தமா.

— ரஃபியா…

— சத்தமா!

— மொதப் பிள்ளையக் கொன்னவ நீதேன்டி! காசுக்குப் பாத்துக் கொன்ன! எம் பேரப்பிள்ள பக்கத்துல ஒன் நெழலு கூடப் படக் கூடாது! ஒனக்கு டிக்கெட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!

— ச்சீ! எந்திரிச்சு வெளிய போங்கக்கா! எங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு எம் பொண்டாட்டியவா இப்பிடிப் பேசுறீக? ஒங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு நீங்களே போங்க இத்தாலிக்கு. இனி அந்த வீட்டுக்கு நான் போனும் போட மாட்டேன், எம் மகளுக்கு வேணும்னா அவளாப் பேசட்டும். ரஃபியா, நீ ஏன் அழுகுற? ஊரு ஆயிரம் சொல்லட்டும், ஒன்னய எனக்குத் தெரியாதா?